நெஞ்சு நம்பர் முப்பத்தெட்டு

கல்நெஞ்சுக்காரி என்று உலகம்மாளை அவள் புருசன் நல்லபெருமாள் இருபத்தாறு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் இயந்திரமும் அதையே சொல்லும் என்று இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருடம், தூத்துக்குடி. உலகம்மாளுக்கு வயது நாற்பத்தொன்பது, அவளுடைய சர்க்கரைக்கு வயது பதினொன்று. கடலோரத்தில் ஒரு தனியார் சரக்கு முனையத்தில் கிரேன் ஓட்டினாள். தரையிலிருந்து பதினைந்து மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலில் இருக்கும் கன்டெய்னர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி லாரியில் வைக்கிற வேலை. அவள் வைத்தால் சத்தமே கேட்காது என்று லாரிக்காரர்கள் சொல்லுவார்கள். சில ஆம்பளை ஆபரேட்டர்கள் வைக்கும்போது டிரைவரின் பல்செட்டே கழன்றுவிடும் என்றும் சொல்லுவார்கள். அது கொஞ்சம் மிகைதான்.

உயரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சர்க்கரை இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 'தளர்வு எண்' காட்டியாக வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. ஊர்க்காரர்கள் அதை நெஞ்சு நம்பர் என்றார்கள். அந்த நம்பரைச் சொல்லும் இயந்திரம் கடலோர இதய மையத்தில் இருந்தது. அங்கேதான் டாக்டர் மெர்லின் அவளை எதிரே உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார்.

"இதயத்துக்கு ரெண்டு வேலைம்மா. சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளணும். அப்புறம் நல்லா விரிஞ்சு ரத்தத்தை உள்ளே வாங்கணும். எல்லாரும் தள்ளுறதைத்தான் பெருசா நினைக்காங்க. சர்க்கரை ரொம்ப வருசம் இருந்தா தசை விறைச்சுப்போகும். தள்ளும், ஆனா விரியறதுக்குச் சண்டித்தனம் பண்ணும். உங்க இதயம் அப்படித்தான் இருக்கு."

"எவ்வளவு டாக்டர்?"

"அறுபதுக்கு மேல பச்சை. நாப்பத்தஞ்சுக்குக் கீழ சிவப்பு. உங்களுக்கு முப்பத்தெட்டு."

உலகம்மாளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பயம் பிறகுதான் வந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கும் சுகருதான். ஒரே சோறு, ஒரே மாத்திரை. அல்வாப் பொட்டலத்தைப் பிரிச்சு வச்சா கடைசித் துண்டு வரைக்கும் வழிச்சுத் திங்கிறது அவரு. அவருக்கு அறுபத்தாறு, எனக்கு முப்பத்தெட்டா? இது என்ன நியாயம்?"

"பொம்பளைங்க இதயத்தைச் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாத்தான் வதைக்கும்மா. அது இந்த மிசின் வர்றதுக்கு முன்னாலேயே தெரிஞ்சதுதான்," என்றார் டாக்டர். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவ்வளவோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இயந்திரம் வந்து இரண்டு வருடத்தில் ஜில்லா முழுவதும் சர்க்கரைக்காரர்கள் நாலாயிரம் பேரைச் சோதித்துவிட்டார்கள். அதை அட்டவணை போட்டுப் பார்த்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. சர்க்கரை உள்ள ஆண்களில் பத்துக்கு ஒருவர் சிவப்பு. கல்யாணமான பெண்களில் பத்துக்கு எட்டுப் பேர் சிவப்பு. ஆனால் புருசனைப் பறிகொடுத்த பெண்களில் பெரும்பாலும் பச்சை. கல்யாணமே செய்துகொள்ளாதவர்களும் பச்சை. கன்னியாஸ்திரீ மடத்தில் ஏழு சிஸ்டர்களுக்குச் சர்க்கரை இருந்தது, ஏழு பேரும் பச்சை.

விடுவார்களா? மணவாழ்வு இதய இறுக்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். டிவியில் ஒரு மனநல நிபுணர் வந்து, "தினமும் முழுங்குகிற கோபம் எல்லாம் பெண்ணின் இதயத் தசையில் போய் உறைகிறது, அதற்குச் சர்க்கரை துணை போகிறது," என்றார். கேட்ட பெண்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கேட்ட ஆண்கள் எல்லோரும் சேனலை மாற்றினார்கள். பிரிந்து வாழ்கிற ஒருத்திக்கும் சிவப்பு வந்ததே, அது எப்படி என்று யாரோ கேட்டதற்கு, "பிரிவின் வலி," என்று பதில் வந்தது. எதைக் கேட்டாலும் அதற்குள் பதில் இருந்தது. இப்படிப்பட்ட விளக்கங்களிடம் நாம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு அது தோன்றியது?

வைத்தியமும் வந்தது. இதயத்தைச் சுற்றி மெல்லிய வலை ஒன்றை வைத்துத் தைப்பார்கள். இதயம் விரியும்போது வலை வெளியே இழுத்துக் கை கொடுக்கும். முப்பத்தொரு பெண்களுக்கு டாக்டர் மெர்லின் அந்த ஆபரேஷனைச் செய்திருந்தார். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் அத்தனை பேருக்கும் பச்சை. ஒருத்திக்குக்கூடத் தப்பவில்லை.

உலகம்மாளுக்கு ஏழு மாத அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் நம்பர் ஏறினால் சரி, ஏறாவிட்டால் வலை. அதுவரை கிரேன் ஏறக் கூடாது. கீழே, கன்டெய்னர் கேட்டில் ஸ்கேனர் அறையில் போட்டார்கள். கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு பெட்டியும் படமாகத் திரையில் விழும். உள்ளே சொன்ன சரக்குத்தான் இருக்கிறதா என்று பார்த்து விட வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு படம். உலகம்மாள் அண்ணாந்து தன் கிரேனைப் பார்ப்பாள். மேலே வேறு எவனோ பெட்டியை டமார் டமார் என்று வைத்துக்கொண்டிருப்பான்.

வீட்டில் நல்லபெருமாள் ஆடிப்போயிருந்தான். ஐஸ் பாக்டரியில் எலக்ட்ரீசியன், சத்தமாகப் பேசியே பழகிய ஆள். அந்த டிவிப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான். காலையில் அவனே டீ போட்டான். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் "அருமையா இருக்கு உலகு" என்றான். பழைய நல்லபெருமாள் என்றால் தட்டைத் தள்ளியிருப்பான். அவன் அப்படித் தணிந்து தணிந்து போனது உலகம்மாளுக்கு ஒரு பக்கம் சுகமாக இருந்தது, இன்னொரு பக்கம் வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு நின்றான்.

"எங்க போறிய?"

"அக்கா வீட்டுக்கு. கொஞ்ச நாளு அங்கன இருக்கேன். நான் கண்ணு முன்னால இல்லாட்டா உன் நெஞ்சு இளகும்லா."

"கூறு கெட்டுப் போச்சா உங்களுக்கு?"

"ஆபரேசன்னா சும்மாவா உலகு? நெஞ்சைப் பொளந்து வைப்பாங்களாம். உனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் என்ன செய்வேன்? நான் தள்ளி இருந்து நீ தப்பிச்சா எனக்கு அது போதும்."

அவனுடைய அக்கா மாடத்தி முள்ளக்காட்டில் இருந்தாள். புருசன் போய் ஒன்பது வருடம். சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்காது, பாதிநாள் மாத்திரையை மறந்துவிடுவாள், அவளுக்கு நம்பர் எழுபத்து நாலு. அவளே போனில் சொன்னாள்: "அனுப்பி வை உலகு. தம்பியால எனக்கு நெஞ்சு கெடாது. கெடுக்குற ஆளு போய்ச் சேந்து வருசமாச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். உலகம்மாளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் அழுதாள்.

அவன் போனான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் வந்து நின்று, தூரத்திலிருந்து கையை ஆட்டிவிட்டுப் போவான். பேசினால் ஏதாவது வாய் தவறி வந்துவிடுமோ என்று பயம். இவளும் கையை ஆட்டுவாள். ஸ்கேனர் அறையில் எல்லோரும் கேலி செய்வார்கள், அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

மூன்று மாதம் கழித்து நம்பர் பார்த்தார்கள். முப்பத்தேழு.

ஒன்று குறைந்திருந்தது. அன்றைக்குத்தான் உலகம்மாளுக்கு நிஜமான பயம் வந்தது. புருசன் பக்கத்தில் இருந்தாலும் இறுகுகிறது, விட்டுப் போனாலும் இறுகுகிறது என்றால் தனக்குள்ளேயே ஏதோ கோளாறு இருக்கிறது என்று முடிவுக்கு வந்தாள். தன்னால் யாரையும் மன்னிக்க முடியவில்லையோ என்று யோசித்தாள். செத்துப்போன மாமியாரைக்கூட ஒரு நாள் உட்கார்ந்து முழுதாக மன்னித்துப் பார்த்தாள். அப்படியும் ஏறவில்லை.

ஏழாம் மாதம் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசிச் சோதனை, சாயங்காலம் அட்மிஷன். வரவேண்டாம் என்று சொல்லியும் நல்லபெருமாள் வந்துவிட்டான். ஏழு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தான். வராந்தாவில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான்.

உள்ளே இயந்திரத்தை இயக்கும் செண்பகம், உலகம்மாளுக்கு நீல அங்கியைக் கொடுத்தாள். இருபத்து நாலு வயதுப் பெண், இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"வளையல், கம்மல் எல்லாம் கழட்டியாச்சாக்கா? மார்புல உலோகம் எதுவும் இல்லல்லா?"

"இல்ல," என்றாள் உலகம்மாள். சொல்லும்போதே கை தானாகத் தாலிச் சங்கிலியைப் பிடித்து முதுகுப் பக்கம் தள்ளிவிட்டது. எப்போதும் செய்வதுதான். பிறகு பலகையில் சாய்ந்து உட்கார்ந்தாள். செண்பகம் உள்ளங்கை அகலத்தில் ஒரு வில்லையை நெஞ்சில் ஒட்டினாள்.

முப்பத்தாறு.

வழக்கமாக நம்பர் மட்டும்தான் சொல்லுவார்கள். இன்றைக்கு வலையை எங்கே தைப்பது என்று குறிக்க வேண்டும் என்பதால், செண்பகம் முழுப் படத்தையும் சுவர்த் திரையில் போட்டாள். சாம்பல் நிறத்தில் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அதன் குறுக்கே, பளீரென்று ஒரு வெள்ளைக் கோடு வளைந்து தொங்கியது. நடுவில் ஒரு முடிச்சு மாதிரி இரண்டு குண்டு.

"அது என்ன?"

"அதுதான்க்கா இறுகிப்போன தசை. எல்லாருக்கும் இந்த இடத்துலதான் பிடிக்கும்."

உலகம்மாள் பார்த்தாள். ஏழு மாதமாக நாளைக்கு முந்நூறு படம் பார்த்த கண். இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்கியது. அந்தக் கோடு மட்டும் இம்மியும் அசையவில்லை.

"செம்பகம், இதயத்துக்குள்ள இருக்குன்னா அதுவும் கூடச் சேந்து ஆடணும்லா? ஏன் சும்மா நிக்கி?"

"இறுகிப்போனா எப்படிக்கா ஆடும்?"

"ஏ பிள்ள, முதல்ல நான் சொல்லுததைக் கேளு. போன மாசம் எங்க கேட்ல ஒரு முந்திரிப்பருப்பு கன்டெய்னர் வந்துச்சு. படத்தைப் பாத்தா உள்ள துப்பாக்கி மாதிரி தெரியுது. போலீசு, கஸ்டம்ஸ் எல்லாம் வந்து மூணு மணி நேரம் பெட்டியைக் கொட்டிப் பாத்தாங்க. முந்திரிப்பருப்புதான் இருந்துச்சு. அப்புறம் பாத்தா, பெட்டிக்கு அந்தப் பக்கம், வெளிய, ஒரு கொக்கி தொங்கிக்கிட்டுக் கெடக்கு. பின்னால இருக்கிறது படத்துல உள்ள இருக்கிற மாதிரி விழுந்திருக்கு. இந்த மிசின் எப்படிப் பாக்குது?"

"முன்னால ஒட்டின வில்லை, காதுக்குக் கேக்காத ஒரு சத்தத்தை அனுப்பும். அது இதயத்தைத் தாண்டிப் போயி… முதுகுப் பலகை அதைக் கேக்கும்." சொல்லச் சொல்லச் செண்பகத்தின் குரல் இறங்கியது.

உலகம்மாள் கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், சங்கிலியை இழுத்து முன்னால் போட்டாள். அதில் இரண்டு குண்டுமணியும், நடுவே தாலியும் கிடந்தன.

"இதை எல்லாப் பொம்பளையும் பின்னால தள்ளிட்டுத்தான உக்காருதாங்க?"

"ஆமாக்கா," என்றாள் செண்பகம். "கருகமணி போட்டவங்களும் அப்படித்தான். ஆனா மிசினோட வந்த தாள்ல, மார்பில் உலோகம் கூடாதுன்னுதான போட்டிருக்கு?"

"மார்புல இல்லியே. அதான் முதுகுக்குத் தள்ளிட்டமே."

இயந்திரத்தைச் செய்தவர்கள் எங்கேயோ கடல் தாண்டி இருந்தார்கள். நகையை எல்லாம் கழற்றச் சொன்னால் கழற்றிவிடுவார்கள் என்று நினைத்திருப்பார்கள். நம் ஊர்ப் பெண்களும் கழற்றினார்கள். வளையல், கம்மல், மூக்குத்தி, எல்லாவற்றையும். தாலியை யாரும் நகை என்று நினைப்பதில்லை, அது கழுத்தின் ஒரு பாகம். மைனர் செயின் போட்டுக்கொண்டு வந்த ஆம்பளைகளோ கேட்ட உடனே கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டார்கள்.

"கழட்டிட்டு ஒரு தடவை பாத்துருவமா?" என்றாள் உலகம்மாள்.

"ஐயையோ! நாளைக்கு ஆபரேசனை வச்சுக்கிட்டு இன்னைக்குப் போயி கழட்டுவியளாக்கா? வேண்டாம். டாக்டரைக் கூப்பிடுதேன்."

உலகம்மாளும் தயங்கினாள். ஆடிப்பெருக்குக்குக் கயிறு மாற்றினவள், பிறகு தங்கத்தில் போட்டவள். இந்த இருபத்தாறு வருடத்தில் அது கழுத்தை விட்டு இறங்கியதில்லை. ஆனால் நாளைக்கு நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள். அதைவிடவா இது பெரிது? அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்தாள். மேஜையில் வைக்க மனம் வரவில்லை. வைக்க ஒரே ஒரு இடம்தான் தோன்றியது.

"ஏங்க, இங்க வாங்க. கையை நீட்டுங்க."

நல்லபெருமாள் ஓடி வந்தான். "என்னத்துக்கு?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க."

நீட்டினான். அவள் சங்கிலியைத் தலை வழியாகக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லாமல் போய்விட்டது.

"ஏ உலகு… என்ன காரியம் பண்ணுத? ஏழு மாசம் தள்ளி இருந்தது பத்தலியா? ஒரேயடியா வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியா?"

"மனுசா! பத்து நிமிசம் பத்திரமா வச்சிருங்க. கீழ போட்டுராதிய," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நின்று விளக்கம் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அதற்குப் பொறுமை இல்லை.

மறுபடி சாய்ந்து உட்கார்ந்தாள். செண்பகம் வில்லையை ஒட்டினாள். திரையில் இதயம் வந்தது. கோடு இல்லை. சாம்பல் நிறத்தில் வெறும் இதயம், அது பாட்டுக்கு விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. நம்பர் மெல்ல ஏறியது. நாற்பத்தொன்று. ஐம்பத்தைந்து. அறுபதில் கொஞ்சம் நின்று, பிறகு ஏறி, எழுபத்தொன்றில் நிலைத்தது.

செண்பகம் வில்லையைக்கூட எடுக்காமல் டாக்டரைத் தேடி ஓடினாள்.

உலகம்மாள் தனியாக உட்கார்ந்து அந்தப் பச்சை எண்ணைப் பார்த்தாள். எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. "அடப் பாவிகளா," என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏழு மாதமாக மாரில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

டாக்டர் மெர்லின் வந்தார். நம்பவில்லை. செண்பகத்தின் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கை வாங்கி உலகம்மாளின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் பார்த்தார். அறுபத்து மூன்று. தன் கார்ச் சாவியை வைத்துப் பார்த்தார். நாற்பது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பார்த்தார். எழுபத்தொன்று. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு எல்லாம் பச்சை வந்துச்சே," என்றாள் செண்பகம் தயங்கித் தயங்கி. "அது எப்படி மேடம்?"

"தியேட்டருக்குள்ள தங்கம் போட்டுட்டுப் போக விட மாட்டமே. மஞ்சக்கயிறு கட்டித்தான அனுப்புவோம்? ஒரு வாரம் கழிச்சு டிஸ்சார்ஜுக்கு முன்னால சோதிக்கும்போதும் கழுத்துல அந்தக் கயிறுதான் இருக்கும். கயிறு படத்துல விழாது." டாக்டர் பேசுவது தனக்குத் தானே பேசுவது போல இருந்தது. "சர்க்கரை பொம்பளைங்க இதயத்தைக் கூடுதலா பாதிக்கும்னு படிச்சிருந்தோம். சிவப்பு வந்ததும் சரிதான்னு நினைச்சுட்டோம். எதிர்பார்த்தது வந்தா யாரு சந்தேகப்படுவா? முப்பத்தொரு பேரு. என் கையாலதான்."

உலகம்மாளுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"எங்க தெரு கோமதிக்கு நெஞ்சுல ஒரு சாணுக்குத் தழும்பு இருக்கு டாக்டர். இன்னும் பேரனைத் தூக்க முடியல அவளுக்கு."

"வலை கெடுதல் பண்ணாது. ஆனா தேவையே இல்லாம அறுத்திருக்கேன்."

"அதை நீங்களே வந்து அவகிட்ட சொல்லணும். ஆள் விட்டோ, தாள் அனுப்பியோ சொல்லக் கூடாது."

"நானே வரேன். இன்னைக்கே ஆரம்பிக்கேன்." டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரையும் திரும்பச் சோதிக்கணும்மா. இந்தக் கூட்டத்துல நிஜமாவே இறுகினவங்களும் இருப்பாங்க. அவங்களைக் கண்டுபிடிக்கணும். மத்தவங்களை வீட்டுக்கு அனுப்பணும். நீங்க திங்கக்கிழமை கிரேன் ஏறலாம்."

திங்கட்கிழமை கிரேன் ஏறலாம்! உலகம்மாள் அங்கியோடேயே வராந்தாவுக்கு ஓடினாள்.

நல்லபெருமாள் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். உட்காரவில்லை. இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து, தீர்த்தம் வாங்கினவன் மாதிரி சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். பலகை, படம், கோடு, எழுபத்தொன்று, ஆபரேஷன் இல்லை. அவனுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அப்போ… என்னால இல்லியா?"

"உங்களால இல்ல."

"நெசமாவா?"

"சத்தியமா உங்களால இல்லங்க."

நாலு பேர் நடக்கிற வராந்தா என்றுகூடப் பார்க்காமல் அவன் அழ ஆரம்பித்தான். குலுங்கிக் குலுங்கி அழுதான். "அக்கா வீட்ல படுத்துக்கிட்டு ஒவ்வொண்ணா நெனச்சுப் பாப்பேன் உலகு. என்னைக்கு என்ன சொல்லி உன்னை வஞ்சேன்னு. தங்கச்சி கல்யாணப் பந்தியில அத்தனை பேரு முன்னால உன்னைச் சத்தம் போட்டேன்லா, அதுதான் முதல்ல உறைஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"அது உறைஞ்சுதான் கெடக்கு," என்றாள் உலகம்மாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. "ஆனா அது மிசின்ல விழாது."

அவன் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"வீட்டுக்கு வாங்க. பேசிக்கிடுவோம். ஏழு மாசமா சண்டை போடக்கூட ஆளில்லாம நாக்கே செத்துப் போச்சு."

அவன் சங்கிலியை அவள் தலை வழியாகப் போட்டுவிட்டான். முடியில் சிக்கிக்கொண்டது. எடுக்கத் தெரியாமல் திணறினான். இரண்டு நர்ஸ்கள் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். உலகம்மாளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்றும் இருந்தது.

அப்போது பின்னால் யாரோ வந்து நின்றார்கள். டாக்டர் மெர்லின். வெள்ளைக் கோட்டைக் கழற்றியிருந்தார்.

"உலகம்மா, ஒரு உதவி. இதைக் கொஞ்சம் வச்சிருங்க."

நீட்டிய கையில் ஒரு மெல்லிய தங்கச் சங்கிலி இருந்தது. அதில் சிலுவை பொறித்த சின்னத் தாலி.

உலகம்மாள் அதையும் டாக்டரின் வெறுங்கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்குமா டாக்டர்?"

"பதினாலு வருச சுகர். போன தடவை முப்பத்து மூணு. அடுத்த மாசம் பன்னிரண்டாந் தேதி மதுரையில எனக்கு ஆபரேஷன்." டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லல. டாக்டருக்கே சிவப்புன்னா நீங்க எல்லாம் பயந்துருவீங்கன்னு."

"உங்க வீட்டு அய்யா எங்க இருக்காங்க?"

"நாகர்கோவில்ல. நான்தான் போகச் சொன்னேன். ஒன்பது மாசம் ஆச்சு."

உலகம்மாள் சங்கிலியை வாங்கி இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். டாக்டர் உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது. புருசனும் பொண்டாட்டியும் பெஞ்சில் அருகருகே உட்கார்ந்தார்கள். இத்தனைக்கும் அந்த அம்மாள் நாளைக்கு உலகம்மாளின் நெஞ்சை அறுக்க இருந்தவர். ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் உலகம்மாளுக்குத் தன் சோதனையைவிட நீளமாக இருந்தது.

செண்பகம் கதவை ஒருக்களித்துத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள். முகமெல்லாம் பல். "அறுபத்தெட்டுக்கா!"

அவளுக்குப் பின்னால், அங்கியோடு, கழுத்தில் ஒன்றும் இல்லாமல், டாக்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். துடைத்தும் துடைத்தும் கண்ணீர் நிற்கவில்லை.

"இல்ல, ஒண்ணும் ஆகல. நல்ல விஷயந்தான். நீங்க வாங்க, நேர்ல சொல்லுதேன்… இன்னைக்கே. மத்தியானப் பஸ்ஸைப் பிடிச்சு வந்துருங்க." அந்தப் பக்கம் அவருடைய வீட்டுக்காரர் என்னவோ கேட்டார்.

"எத்தனை நாளைக்கா? எல்லாத் துணியையும் எடுத்துட்டு வாங்க."